பூனைக்கு யார் சாப்பாடு போட்டது? ஆள் நிறைந்த வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

கால்நடை மருத்துவர் எங்கள் பூனை ராஜாவைத் தராசில் ஏற்றினார். 6.4 கிலோ. குறித்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போடுறீங்க?" என்றார். கூடப் போயிருந்த நானும் அம்மாவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "நான் காலையில ஒரு பிடிதான் போடுறேன்" என்றார் அம்மா. "நானும் ஒரு பிடிதான்" என்றான் தம்பி. எனக்கும் அதே பதில்தான். அடுத்த கூண்டில் பஞ்சு இருந்தாள், 3.1 கிலோ, விலா எலும்பை எண்ணிவிடலாம். ஒரே வீடு, ஒரே தீனி மூட்டை. ஒன்று ஊதிவிட்டது, ஒன்று காய்ந்துவிட்டது.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் எழுகிறோம், ஒவ்வொரு நேரத்தில் வீடு திரும்புகிறோம். பூனைக்குப் பட்டினி வந்துவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். உண்மையில் நடந்தது நேர்மாறு. யார் போட்டார்கள் என்று தெரியாததால் எல்லோரும் போட்டோம். அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது, நீங்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதித்தால் மற்றது எதுவும் நிற்காது.

1. மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

தீனி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். யார் போட்டாலும் நேரத்தையும் அளவையும் எழுத வேண்டும். திட்டக்கூடாது, குறைக்கச் சொல்லக்கூடாது. திட்டினால் எழுதாமல் போடுவார்கள்.

அளவு என்றால் கிராம். "ஒரு பிடி" அளவே இல்லை. நாங்கள் சமையலறைத் தராசில் ஆளுக்கு ஒரு பிடி போட்டுப் பார்த்தோம். அம்மாவின் பிடி 22 கிராம், என்னுடையது 30, தம்பியுடையது 41, ஒன்பது வயது மகளுடையது 14. ஆளுக்கு ஒரு வேளைதான், ஆனால் ஒரு கிண்ணத்துக்கு 107 கிராம் விழுந்திருக்கிறது. அதில் ராஜா தன் கிண்ணத்தை முடித்துவிட்டுப் பஞ்சுவின் கிண்ணத்துக்கும் போய்விடுவான். தான் எதுவுமே போடுவதில்லை என்று சொன்ன கணவர், மூன்றாம் நாள் தாளில் "என் தட்டிலிருந்து மீன், கொஞ்சம்" என்று எழுதினார். அந்தக் கொஞ்சத்தை இதுவரை யாரும் அளந்ததில்லை.

2. எடை பாருங்கள், கையால் தடவியும் பாருங்கள்

வீட்டுத் தராசில் முதலில் நீங்கள் மட்டும் நில்லுங்கள், பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். வித்தியாசம்தான் பூனையின் எடை. ஆள் நிற்கும் தராசு பெரும்பாலும் 100 கிராம் கணக்கில்தான் காட்டும் என்பதால் தினமும் பார்த்துப் பயனில்லை. மாதம் ஒருமுறை, ஒரே தராசில், சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். குட்டியாக இருந்தால் சமையலறைத் தராசில் ஒரு பாத்திரத்தை வைத்து அதில் உட்கார வைக்கலாம். உட்காருமா என்பது வேறு கதை.

எடை மட்டும் போதாது. பூனையின் விலாவை இரு கையாலும் லேசாகத் தடவுங்கள். அப்புறம் உங்கள் கையையே தடவி ஒப்பிடுங்கள். விரல்களை நீட்டி வைத்த புறங்கையைத் தடவுவது போல, மேலே மெல்லிய சதையும் கீழே எலும்பும் தட்டுப்பட்டால் சரியான உடல். மடக்கிய முஷ்டியின் விரல் முட்டி போல எலும்பு துருத்தினால் மெலிவு. உள்ளங்கை போல மெத்தென்று இருந்து எலும்பைத் தேட வேண்டியிருந்தால் பருமன். மருத்துவர்கள் இதையே 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுச் சொல்வார்கள், 5 என்பது சரியான நிலை. உங்கள் பூனையின் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மெலிந்த பூனையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாடு கிடைக்காமல் மெலிந்ததா, நோயால் மெலிந்ததா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. பல்வலி, குடற்புழு, வயதான பூனைக்குத் தைராய்டு, சிறுநீரகம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பஞ்சுவுக்கு நல்லவேளையாக நோய் எதுவும் இல்லை, ராஜாதான் நோய்.

3. ஒரு நாள் அளவைக் கணக்குப் போடுங்கள்

போன் கால்குலேட்டர் போதும். கிலோவில் எடை × எடை × எடை என்று பெருக்குங்கள். வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். வருவதை 70 ஆல் பெருக்குங்கள். பூனை சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு ஆகும் கலோரி இது. கருத்தடை செய்த வளர்ந்த பூனையானால் 1.2 ஆல் பெருக்குங்கள்.

4 கிலோ பூனைக்குப் போட்டுப் பார்ப்போம். 4 × 4 × 4 = 64. ஒருமுறை வர்க்கமூலம் 8, இன்னொருமுறை 2.83. அதை 70 ஆல் பெருக்கினால் 198. 1.2 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 238 கலோரி. இதே முறையில் 3 கிலோ பூனைக்கு 191, 5 கிலோ பூனைக்கு 281 வரும். (கலோரி என்று நான் எழுதுவதெல்லாம் பாக்கெட்டில் கிலோகலோரி என்று அச்சடித்திருப்பதுதான்.)

இனி கிராமுக்கு வருவோம். உலர்தீனி பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி. உங்கள் மூட்டையில் 380 என்று இருந்தால், 238 கலோரிக்கு 63 கிராம். அவ்வளவுதான்! ஒரு நாள் முழுவதற்கும் 63 கிராம். முதல்முறை கிண்ணத்தில் கொட்டிப் பார்த்தபோது தராசு பழுது என்றுதான் நினைத்தேன்.

இதில் மூன்று பேர் சறுக்குகிறார்கள்.

பருமனான பூனைக்கு இப்போதுள்ள எடையைப் போட்டுக் கணக்கிட்டால், இருக்கும் பருமனுக்கே தீனி போடுவீர்கள். இலக்கு எடை எது, அதற்கு எத்தனை கலோரி என்பதை மருத்துவரே சொல்லட்டும். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 2 சதவீதம் வரை இறங்கினால் போதும், அதற்கு மேல் வேகம் ஆபத்து. ராஜா வாரத்துக்கு 50 கிராம் போல இறங்கி 5 கிலோவுக்கு வர ஏறக்குறைய ஏழு மாதம் ஆனது.

கருத்தடை முடிந்ததும் பழைய அளவையே தொடர்வது அடுத்த சறுக்கல். அறுவைக்குப் பிறகு உடலுக்குத் தேவைப்படும் கலோரி குறைகிறது, பசியோ கூடுகிறது. தையல் பிரிக்கப் போகும்போதே புதிய அளவைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

குட்டிக்கும் இந்தக் கணக்கைப் போடுவது மூன்றாவது. வளரும் குட்டிக்கு 1.2 என்ற இடத்தில் 2.5 வரை போகும். ஒரு வயது வரை குட்டிக்கான தீனியே கொடுங்கள்.

எப்படிப் பார்த்தாலும் இந்த எண் ஒரு தொடக்கம்தான். ஒரே எடையுள்ள இரண்டு பூனைகளுக்குத் தேவை ஒன்றாக இருக்காது. ஒரு மாதம் போட்டு, எடை பார்த்து, பத்துச் சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

4. மூட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் ஆவணம். தேட வேண்டியவை சில.

"முழுமையான உணவு" என்று இருக்கிறதா, "துணை உணவு" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துணை உணவை மட்டும் தினமும் போட்டால் சத்துக் குறைவு வரும். கண்ணைப் பறிக்கும் சின்ன டப்பாக்களில், மீன் துண்டு அப்படியே தெரிகிற வகை பல, துணை உணவுதான். எந்த வயதுக்கு என்றும் பாருங்கள். அமெரிக்காவில் ஆஃப்கோ, ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்ற அமைப்புகள் வகுத்த சத்து அளவுகளைச் சுட்டி எழுதியிருந்தால் நல்லது.

அடுத்து கலோரி. சிலர் கிலோவுக்கு 3,800 என்று போடுவார்கள், அதை 10 ஆல் வகுத்தால் 100 கிராமுக்கு 380. எங்குமே போடவில்லையென்றால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் நான் அந்தத் தீனியை வாங்குவதில்லை.

மூட்டையில் இருக்கும் "எடைக்கு எவ்வளவு" அட்டவணை ஓர் எல்லைக்குள் சொல்லும், 55 முதல் 75 கிராம் என்பது போல. வீட்டுக்குள்ளேயே இருக்கும், கருத்தடை செய்த பூனைக்குக் கீழ் எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

நாய்த் தீனி மலிவு என்று அதைப் போடாதீர்கள். பூனை இறைச்சி தின்றே வாழவேண்டிய பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு உணவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளரும், விழித்திரை கெடும். நாய்த் தீனியில் பூனைக்குப் போதுமான டாரின் இருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் சமைத்தே போடுவேன் என்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். விலங்குச் சத்துணவு தெரிந்த மருத்துவரிடம் எழுதி வாங்கிய செய்முறை கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூட்டையைத் தூக்கிப் போடுவதற்கு முன் தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பூனைக்கு வாந்தி வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். இன்னும் நல்லது, தீனியை டப்பாவில் கொட்டாமல் மூட்டையோடு டப்பாவுக்குள் வைப்பது.

5. காலை டப்பா

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

பூனைக்கு ஒன்றாக மூடி போட்ட சின்ன டப்பா வாங்குங்கள். மூடியில் பூனையின் பெயர். காலையில் ஒரே ஓர் ஆள், எங்கள் வீட்டில் அம்மா, அன்றைய முழு அளவையும் தராசில் நிறுத்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். பிறகு மூட்டை அலமாரிக்குள். அன்று யார், எப்போது, எத்தனை முறை போட்டாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது. பூனை எவ்வளவு கத்தினாலும் முடிந்தது.

இதற்கு முன் நாங்கள் முயன்றது எல்லாமே தோற்றது. குளிர்சாதனப் பெட்டியில் அட்டவணை ஒட்டினோம், டிக் அடிக்க யாருக்கும் ஞாபகமில்லை. குடும்பக் குழுவில் "போட்டாச்சு" என்று செய்தி அனுப்பச் சொன்னோம். தம்பி இரவு பதினொரு மணிக்குத்தான் செய்தி பார்ப்பான். முறை வைத்துப் பிரித்தோம், இரண்டாம் வாரமே சண்டை. இவை எல்லாமே மனிதர்களின் ஞாபகத்தை நம்புகிற வழிகள். டப்பாவுக்கு யார் ஞாபகமும் வேண்டாம், திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. போடுகிற சந்தோஷம் யாரிடமிருந்தும் பறிபோவதில்லை. பள்ளி விட்டு வந்ததும் மகள்தான் போட வேண்டும் என்பது அவளுக்குப் பெரிய விஷயம். இப்போதும் போடுகிறாள், பத்துக் கிராம்.

ஈரத்தீனியும் கொடுப்பதானால் அதன் கலோரியை முதலில் கழித்துவிட்டு மிச்சத்துக்கு உலர்தீனி நிறுங்கள். 85 கிராம் ஈரத்தீனிப் பாக்கெட் ஒன்றில் 75 கலோரி இருக்கிறது என்றால், 238 இல் அது போக 163. உலர்தீனியில் அது 43 கிராம். தின்பண்டமும் இந்தக் கணக்குக்குள்தான், ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. நாங்கள் தின்பண்டம் வாங்குவதையே நிறுத்திவிட்டோம். டப்பாவிலிருந்து நாலு தீனி மணியை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டால் அதுவே தின்பண்டம். ஓடிப் பிடித்துத் தின்கிற குஷியில் அது தன் பங்கு தீனிதான் என்பது ராஜாவுக்குத் தெரிவதில்லை.

6. கதவைச் சாத்திப் போடுங்கள்

இரண்டு பூனைகள் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் சாப்பிடுவது படத்துக்கு அழகு. பூனை தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்கிற பிராணி. பக்கத்தில் இன்னொன்று நின்றால் ஒன்று அவசர அவசரமாக விழுங்கும், இன்னொன்று விட்டுக்கொடுத்துவிட்டுப் போகும். சண்டை போடவில்லையே என்று நாம் நிம்மதியாக இருப்போம். பஞ்சு ஒருநாளும் சீறியதில்லை. ராஜா வந்து தலையை நீட்டினால் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருப்பாள். அது திருப்தி என்று நாங்கள் இரண்டு வருடம் நினைத்தோம்.

ஒன்றை ஒன்று பார்க்க முடியாத இடங்களில் வையுங்கள். தனி அறை, சாத்திய கதவு, இருபது நிமிடம். பிறகு கதவைத் திறப்பதற்கு முன் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், மிச்சம் அவரவர் டப்பாவுக்கே திரும்பட்டும். அறை இல்லையென்றால் உயரத்தைப் பயன்படுத்துங்கள். பருமனானது ஏற முடியாத அலமாரி மேல் மெலிந்ததற்கு வைக்கலாம். மூட்டுவலி உள்ள வயதான பூனையை மட்டும் மேலே ஏற வைக்காதீர்கள்.

எங்களுக்கு மூன்றாவதாக மிளகு என்ற குட்டி வந்தபோது இது தலைவலியானது. குட்டித் தீனியில் கலோரி அதிகம், வாசனையும் தூக்கல். வளர்ந்தவை இரண்டும் அதற்காக எதையும் செய்யும். கடைசியில் மைக்ரோசிப் கிண்ணம் ஒன்று வாங்கினோம். பூனையின் தோலுக்கடியில் இருக்கும் சிப்பைப் படித்து, அந்தப் பூனைக்கு மட்டும் மூடி திறக்கும். சிப் இல்லாவிட்டால் கழுத்துப் பட்டையில் மாட்டும் வில்லை கொடுப்பார்கள். விலை கூடுதல்தான். கதவு சாத்த ஆள் இருக்கும் வீட்டில் இது வேண்டியதில்லை. சிறப்பு மருத்துவத் தீனி சாப்பிடும் பூனை ஒன்று இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

7. நேரம்

வளர்ந்த பூனைக்குக் குறைந்தது இரண்டு வேளை, மூன்று நான்காகப் பிரித்தால் இன்னும் நல்லது. தன் போக்கில் விட்டால் பூனை ஒரு நாளில் பத்து முறைக்கு மேல்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும், அதன் வயிறு அப்படி. ஆறு மாதம் வரை குட்டிக்கு மூன்று நான்கு வேளை கட்டாயம்.

உங்கள் வீட்டில் யாராவது எப்படியும் செய்கிற வேலையோடு ஒவ்வொரு வேளையையும் முடிச்சுப் போடுங்கள். "7 மணிக்கு" என்று எழுதினால் விடுமுறை நாளில் தவறும். "அம்மா அடுப்பைப் பற்ற வைத்ததும்", "மகள் பையைக் கழற்றியதும்", "கடைசி ஆள் விளக்கை அணைக்கும் முன்" என்று எழுதினால் தவறாது.

அந்தக் கடைசி வேளை முக்கியம். பூனை விடியற்காலையிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு. நான்கு மணிக்கு முகத்தில் பாதத்தை வைத்து அழுத்தும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஒரே ஒருமுறை போட்டுவிட்டீர்கள் என்றால் அந்த நேரம் உங்களுக்கு நிரந்தரம். தூங்கும் முன் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டி, அப்புறம் கடைசிப் பங்கைப் போடுங்கள். அதுவும் போதாவிட்டால் நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கிக் கிண்ணம் வாங்கி ஐந்து மணிக்கு வையுங்கள். பூனை உங்களை விட்டுவிட்டுக் கிண்ணத்தின் முன் போய் உட்கார்ந்துகொள்ளும். மின்கலம் தீர்ந்துவிடாமல் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவுக்கு ஊசி போடும் பூனை என்றால் இந்த வரிசை எல்லாம் பொருந்தாது. சாப்பாடும் ஊசியும் மருத்துவர் சொன்ன நேரத்துக்கே நடக்க வேண்டும், ஊசி போட்டதைக் குறிப்பது ஒரே ஆள் கையில் இருக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு முறை போட்டால் உயிருக்கே ஆபத்து.

8. கிண்ணம், தண்ணீர்

எவர்சில்வர் அல்லது பீங்கான், அகலமாக, ஆழமில்லாமல். தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மலம் கழிக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நாமே சாப்பிட மாட்டோம்.

தண்ணீர் கிண்ணத்தைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லி போல நீர் வேண்டும், உணவில் இருப்பதையும் சேர்த்து. ஈரத்தீனியில் முக்கால் பங்கு நீர்தான். உலர்தீனியில் பத்தில் ஒரு பங்குதான். முழுக்க உலர்தீனி சாப்பிடும் பூனை எவ்வளவு குடிக்கிறது என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

கிண்ணத்தில் போட்ட ஈரத்தீனியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரம். திறந்த டப்பாவை மூடிக் குளிரில் வைத்தால் இரண்டு நாள், போனால் மூன்று. குளிரோடு எடுத்துப் போட்டால் பல பூனைகள் மோந்துவிட்டுத் திரும்பிவிடும். ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். எலி எந்தச் சூட்டில் இருக்குமோ அந்தச் சூடு போதும்.

9. தீனியை மாற்றும்போது

ஒரே நாளில் மாற்றினால் பேதிதான். ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால், பிறகு முழுவதும். நடுவில் வயிறு கெட்டால் ஒரு படி பின்னால் போங்கள். பழைய மூட்டை தீர்ந்த அன்றைக்குக் கடைக்குப் போனால் இதைச் செய்ய முடியாது என்பதால், மூட்டையில் பத்து நாளுக்கான தீனி மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

10. தட்டிலிருந்து போகும் சாப்பாடு

இதுதான் வீட்டில் அதிக மனத்தாங்கலை உண்டாக்கும். "ஒரு வாய்தானே" என்பார்கள். அளவைப் பற்றி வாதாடாதீர்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எது விஷம் என்பதை மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவிடுங்கள்.

வெங்காயம், பூண்டு: பச்சையோ வெந்ததோ பொடியோ, குழம்பில் கரைந்ததோ, எல்லாமே பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். இறைச்சித் துண்டைக் கழுவிக் கொடுத்தாலும் குழம்பில் ஊறியது ஊறியதுதான். சாக்லேட், காபி, மது, திராட்சை, உலர்திராட்சை: வேண்டாம். வெந்த எலும்பு உடைந்து குத்தும். பச்சை மீனைத் தினமும் கொடுத்தால் பி1 சத்துக் குறைந்து நரம்பு பாதிக்கும். ஈரலைத் தினமும் கொடுத்தால் ஏ சத்து மிகுந்து எலும்பு கெடும். பாலைப் பற்றி யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. குடித்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டுதான் போகும். பேதியைத் துடைப்பது நாம்.

சாப்பாடு இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூச்சாடியில் லில்லிப் பூ வைக்காதீர்கள். இலை, மகரந்தம், சாடித் தண்ணீர், எது கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழக்கும்.

கணவரின் மீனுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். மசாலா படாத வெந்த துண்டு ஒன்றைச் சமைக்கும்போதே எடுத்து வைத்துவிடுவோம். அவர் சாப்பிட உட்காரும்போது அது பக்கத்தில் சின்னத் தட்டில் இருக்கும். அதை எடுத்துக் கொடுப்பார். அதன் எடையும் டப்பாக் கணக்கில் உண்டு.

11. சாப்பிடாத பூனையைக் கண்டுபிடிக்க

ஆள் நிறைந்த வீட்டில் உண்மையான ஆபத்து இதுதான். அவர் போட்டிருப்பார், இவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவோம். பூனை கட்டிலடியில் இரண்டு நாளாகப் பட்டினி கிடக்கும். பூனை சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படியத் தொடங்கும். பருமனான பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், உயிரையே எடுக்கும். வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதுவும் தொடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டியானால் அரை நாளே அதிகம். "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்ற பேச்சு பூனையிடம் வேண்டாம்.

காலை டப்பா இங்கேயும் உதவும். இரவில் டப்பாவில் மிச்சம் இருந்தால் அன்று சாப்பிடவில்லை என்று அர்த்தம். மிச்சத்தை நிறுத்துத் தாளில் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கூடவே, ஆண் பூனை மலத்தட்டுக்குப் போய்ப் போய் முக்கிவிட்டுச் சிறுநீர் வராமல் திரும்பினால், சாப்பிட்டதா இல்லையா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே மருத்துவரிடம் கிளம்புங்கள். நள்ளிரவானாலும் சரி.

12. செலவைக் கணக்குப் போடுங்கள்

மூட்டை விலையைப் பார்த்து மலிவு, விலை கூடுதல் என்று முடிவெடுக்காதீர்கள். 100 கலோரிக்கு என்ன விலை என்று பாருங்கள். மூட்டை விலையை அதிலிருக்கும் மொத்தக் கலோரியால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் வந்துவிடும். கலோரி குறைந்த மலிவுத் தீனியை அதிகம் போட வேண்டியிருக்கும், மலமும் அதிகம், மலத்தட்டில் போடும் மண்ணும் அதிகம் செலவாகும். ஈரத்தீனியில் நீர்தான் பெரும்பகுதி, அதே கலோரிக்கு உலர்தீனியைப் போல நான்கு மடங்குக்கும் மேல் எடை வாங்க வேண்டும். ஈரத்தீனியை மட்டும் கொடுக்க எல்லோருக்கும் கட்டாது. காலையில் ஒரு பாக்கெட், மற்றபடி உலர்தீனி என்று கலந்து கொடுப்பதில் தவறில்லை.

பெரிய மூட்டை மலிவு என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. திறந்த மூட்டையில் கொழுப்பு காற்றுப்பட்டு மெல்லச் சிக்கெடுக்கும். ஆறு வாரத்துக்குள் தீர்கிற அளவே வாங்குங்கள். நாளுக்கு 63 கிராம் தின்னும் ஒற்றைப் பூனைக்கு ஆறு வாரத்தில் 2.6 கிலோதான் ஆகும். நான் ஒருமுறை தள்ளுபடியில் 10 கிலோ மூட்டை தூக்கி வந்தேன். பாதிக்கு மேல் போனதும் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன, மிச்சத்தைக் கொட்டினேன்.

முதல் மாதம் டப்பா, தராசு, கிண்ணம், மருத்துவர் கட்டணம் என்று செலவு கூடும். அளந்து போட ஆரம்பித்தபின் எங்கள் தீனிச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

13. காகிதங்கள், வெளியூர்ப் பயணம்

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் எண் (15 இலக்கம்), கருத்தடைச் சீட்டு, மாத எடைத் தாள், இப்போதைய தீனி மூட்டையின் பின்பக்கப் படம், மருத்துவர் எண், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண். இந்தக் கடைசி எண்ணைத் தேவைப்படும்போது தேடக்கூடாது. இப்போதே தேடி, ஒருமுறை கூப்பிட்டு, இரவில் உண்மையிலேயே எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். எங்களிடம் இருந்த எண் வேலை செய்யவில்லை என்பது நள்ளிரவு ஒன்றரை மணிக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வெளியூர் போகும்போது பார்த்துக்கொள்ள வருபவரிடம் மூட்டையைக் காட்டாதீர்கள். நாளுக்கு ஒன்றாக, பூனைக்கு ஒன்றாக நிறுத்து, சின்னப் பைகளில் கட்டித் தேதி எழுதி அடுக்கிவிடுங்கள். பயணம் தள்ளிப்போனால் என்று இரண்டு நாள் கூடுதலாகவும் வையுங்கள். தினமும் ஒருமுறையாவது ஆள் வர வேண்டும். தானியங்கிக் கிண்ணத்தை மட்டும் நம்பிப் போய்விட்டால் அது அடைத்துக்கொண்டதைச் சொல்ல வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மிச்சம் இருந்த கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு தாளில் சுருக்கமாக எழுதி ஒட்டிவிட்டும் போங்கள். எங்கள் தாளில் பஞ்சுவுக்கு எந்த அறை, மிளகுக்கு எத்தனை வேளை, தண்ணீர் எங்கே என்று ஆறு வரி இருக்கும். ஏழாவது வரியை மகள் சிவப்பு மையில் எழுதினாள்: "ராஜா வாசலில் வந்து அழுவான். சாப்பிட்டுவிட்டுத்தான் அழுவான்."